மிளகுக்கு ஒரு சோடி

இந்த வீட்டுக்குள் இன்னொரு சீவன் கால் வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுப் பூசையால் வந்த கையோடு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், றெமிஜியஸ் இந்தத் தீர்ப்பைச் சொன்னார். ஸ்காபரோவில் பழைய தளபாடக் கடை போட்டு, அடிபட்டு உதைபட்டு முன்னுக்கு வந்த மனிதர். அவர் சத்தம் போட்டால் கடையில் கால் ஆடுகிற கதிரைகூட நேராக நிற்கும். வீட்டில் மனைவி கிளடிஸ் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுவதை நிறுத்தவில்லை.

"நான் கதைக்கிறது கேக்குதோ?"

"பக்கத்து வீட்டுக்காரருக்கே கேக்குது. எனக்குக் கேக்காதே?"

சங்கதி இதுதான். மகள் எட்டாம் வகுப்பில் படிக்கும்போது அழுது அடம்பிடித்து இரண்டு கினிப் பிக் வாங்கினாள். வாலில்லாத, உருண்டையான, எந்நேரமும் எதையாவது கொறிக்கிற பிராணிகள். வெள்ளைக்குப் பஞ்சு என்று பெயர், கறுப்புக்கு மிளகு. மகள் வளர்ந்து யூனிவேசிற்றிக்குப் போய்விட்டாள். கினிப் பிக்குகள் போகவில்லை. போன மாதம் பஞ்சு செத்துப்போனது. பின்வளவில் குழி வெட்டியது றெமிஜியஸ்தான். "பனியில நிலம் இறுக முந்திச் செத்துதே, புண்ணியம்" என்று முணுமுணுத்தபடி வெட்டினார். ஆனால் தேவைக்கு மேலே ஆழமாகத்தான் வெட்டினார்.

அன்றிலிருந்து மிளகுக்குச் சத்தமில்லை. முன்பெல்லாம் ஃபிரிட்ஜ் கதவு திறந்தால் போதும், இரண்டும் விசிலடிக்கும். இப்போது மிளகு கூட்டின் மூலையில், பஞ்சு படுத்த இடத்தைப் பார்த்தபடி கிடந்தது. கொத்தமல்லியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. மெலிந்துகொண்டே போனது. மிருக வைத்தியர் தடவிப் பார்த்துவிட்டு, வருத்தம் ஒன்றுமில்லை, தனிமைதான், ஒத்துப்போகிற சோடி ஒன்று தேடுங்கள், இல்லாவிட்டால் தாங்காது என்றார்.

"தனிமைக்கு மருந்தில்லையாம். பில் மட்டும் இருக்காம்!" றெமிஜியஸுக்கு இன்னும் அந்தக் கொதி அடங்கவில்லை. "இப்ப இதுக்கு ஒரு சோடி. நாளைக்கு இது செத்தா அந்தச் சோடிக்கு இன்னொரு சோடி. நான் கண்ணை மூடுமட்டும் உதுகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டு திரியிறதோ?"

"நீங்கள் சொல்லுறது சரிதான்."

கிளடிஸ் 'சரி' என்று சொன்னால், நிதானமுள்ள புருசன் கொஞ்ச நேரம் இருந்து யோசிப்பான். றெமிஜியஸுக்கு வெற்றி தலைக்கேறிவிட்டது.

"பிக்கரிங்கில பொன்னம்பலம் அண்ணை வீட்டிலயும் உப்பிடி ஒண்டு தனிய நிக்குதாம்," என்றாள் அவள், கத்தரிக்காயைப் பார்த்தபடி. "பேரப்பிள்ளையள் விட்டிட்டுப் போனதாம். அவற்ற மனிசி குணவதி அக்காவைக் கடையில கண்டனான்."

"நிண்டா நிக்கட்டும்."

"ஓம், நிக்கட்டும்."

சோறு சாப்பிடும்போது றெமிஜியஸின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. பழைய சாமான் யாவாரத்தில் கெட்டிக்காரத்தனம் ஒன்றுதான்: சாமான் மற்றவன் வீட்டில் இடம் பிடிக்க வேண்டும். மிளகைப் பொன்னம்பலம் வீட்டில் விட்டுவிட்டால்? மிளகுக்குச் சோடி. பொன்னம்பலத்தின் பிராணிக்கும் சோடி. றெமிஜியஸுக்கு விடுதலை.

கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். "உதை ஒருக்கா வைத்தியரிட்டத் திருப்பிக் காட்டிப்போட்டு வாறன்."

ஞாயிற்றுக்கிழமை எந்த மிருக வைத்தியர் திறந்திருப்பார் என்று கிளடிஸ் கேட்கவில்லை. சப்பாத்துப் பெட்டிக்குள் பழைய துவாயை விரித்து மிளகை வைத்துக் கொடுத்தாள். கூடவே ஒரு கட்டுக் கொத்தமல்லி.

பெட்டி பாரமே இல்லாமல் இருந்தது. றெமிஜியஸுக்கு அது பிடிக்கவில்லை. கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில், ஒரு பேஸ்மென்ற் அறையில், அவரும் இப்படித்தான் மெலிந்தார். இங்கிலிஷ் விளங்காத காலம். ஆனாலும் சோற்றுக் கோப்பையைக் கையில் எடுக்குமுன் ரீவியைப் போட்டுவிடுவார். யாராவது எதையாவது கதைத்துக்கொண்டிருந்தால்தான் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கும். 'சீ, மனிசனும் உதுவும் ஒண்டோ?' என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு காரை எடுத்தார். ஆனால் பெட்டிக்கு சீற் பெல்ற் போட்டிருந்தார்.

பொன்னம்பலம் கராஜ் தரையில் ஒரு பெட்ஷீற்றை விரித்து வைத்திருந்தார். "ரெண்டுக்கும் புது இடமா இருக்கவேணுமாம் தம்பி. ஒண்டின்ர கூட்டுக்குள்ள மற்றதை விட்டா அடிபடுமாம்."

'நான் வாறது உவருக்கு எப்பிடித் தெரியும்?' என்று அப்போதாவது றெமிஜியஸ் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பொன்னம்பலத்தின் பிராணி மண்ணிறம். பனங்கட்டி என்று பெயர். விரிப்பில் விட்டதும் பல்லை நறநறவென்று கடித்தது. மிளகு உறைந்து நின்றது. இரண்டு பெரிய மனிதர்களும் குந்தியிருந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"கோவக்காரியா இருக்கிறாளே, அண்ணை."

"பயந்தா எல்லாரும் பல்லைக் கடிக்கிறதுதானே தம்பி," என்றார் பொன்னம்பலம், அவரை ஒரு மாதிரிப் பார்த்து.

பனங்கட்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மூக்கால் மிளகின் விலாவை இடித்தது. மிளகு ஒதுங்கியது. திரும்பவும் இடித்தது. பிறகு, மிளகின் தொண்டையிலிருந்து மெல்லிய விசில் ஒன்று வந்தது. றெமிஜியஸ் கொத்தமல்லியை நீட்டினார். ஒரே தண்டை இரண்டு பக்கத்தாலும் இரண்டும் கொறித்துக்கொண்டு வந்து, நடுவில் மூக்கும் மூக்கும் முட்டி நின்றன.

றெமிஜியஸுக்குக் கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது. கராஜ் தூசி.

"பாத்தியளே அண்ணை! இனிப் பிரிக்கிறது பாவம். மிளகு இஞ்சயே நிக்கட்டும். கூடு, வைக்கல் எல்லாம் நாளைக்கே கொண்டுவந்து தாறன்."

பொன்னம்பலம் தலையைச் சொறிந்தார். "ஐயோ தம்பி, நாங்கள் பனங்கட்டியை விக்கிறதா முடிவெடுத்திட்டம். றிச்மண்ட் ஹில்லில இருந்து ஒராள் பின்னேரம் வாறார். கூட்டோட நூற்றைம்பது சொல்லியிருக்கிறன்."

விலை என்று ஒன்று காதில் விழுந்தால் றெமிஜியஸுக்கு வேறெதுவும் கேட்காது.

"நூற்றைம்பதோ! கூட்டுக் கம்பி கறள் பிடிச்சுக் கிடக்கு!"

"அது கறள் இல்லை, பெயின்ற்."

"பல்லைக் கடிக்கிற குணம் வேற. றிச்மண்ட் ஹில்காரன் ஒரு கிழமையில திருப்பிக் கொண்டுவருவான்."

"அப்ப அவரிட்டயே குடுத்துப் பாப்பம்."

"அண்ணை! முதல் வந்தவன் நான்!"

குரல் ஏறியது. முன்வீட்டுச் சீனாக்காரர் எட்டிப் பார்த்தார். நூறானது. எழுபதானது. றெமிஜியஸ் இரண்டு தரம் கார்க் கதவுவரை கோபித்துக்கொண்டு போய் வந்தார். கடைசியில் நாற்பதுக்குப் பனங்கட்டி, கூடு, ஒரு பை வைக்கல். போதாதென்று, சுவரில் சாத்தியிருந்த பனி வழிக்கிற சவளையும் சேர்த்துக் கேட்டு வாங்கினார். குணவதி வந்து வைக்கல் பையைக் காரில் ஏற்றினாள். அவள் முகத்தில் ஏனோ சிரிப்பு.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும் பின் சீற்றில் குசுகுசுவென்று சத்தம். ஒன்று ஏதோ சொல்ல மற்றது பதில் சொல்வதுபோல. றெமிஜியஸ் ரேடியோவை நிற்பாட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். ஸ்காபரோ எல்லை தாண்டும்போதுதான் உறைத்தது. கொண்டுபோனது ஒன்று. கொண்டுவருவது இரண்டு.

வாசலில் கிளடிஸ் நின்றாள். றெமிஜியஸ் கூட்டையும் சவளையும் இறக்கி உள்ளே கொண்டுவந்தார். உள்ளே மிளகின் கூட்டில் தண்ணீர்ப் போத்தல் இரண்டு தொங்கின.

"உந்த ரெண்டாவது போத்தல் எப்ப மாட்டினது?"

"நீங்கள் வெளிக்கிட்ட உடன."

"நான் ஒண்டைத்தானே கொண்டுபோனனான்?"

"ஓம், ஒண்டைத்தான்."

அந்த நேரம் பார்த்து அவளுடைய ஃபோன் அடித்தது. அவள் ஒரு விரலால் அமத்த, மேசையில் இருந்தபடியே ஸ்பீக்கரில் குணவதியின் குரல் வீடெல்லாம் கேட்டது.

"பிள்ளை, வந்து சேந்திட்டினமோ? நீர் சொன்னது சரியப்பா! சும்மா தாறமெண்டா வேண்டமாட்டார், விலை சொல்லுங்கோ எண்டீர். விலை சொன்ன உடன ஆள் விட்டாத்தானே! றிச்மண்ட் ஹில் ஆள் எண்டு நீர் சொல்லித்தந்த பொய்யை இவர் சிரிக்காமல் சொல்லி முடிச்சிட்டார். அந்த நாற்பதும் வைக்கல் பைக்குள்ள கிடக்கு. ஆனா சவளை மட்டும் திருப்பித் தரச் சொல்லும் பிள்ளை. விடியப் பனி கொட்டுமாம்."

றெமிஜியஸின் முகம் சிவந்தது. "ஆரடி உனக்கு உந்தக் கள்ள வித்தையெல்லாம் படிப்பிச்சது?"

"ஏன், நீங்கள் கடையில சோபா விக்கேக்க நான் பக்கத்திலதானே நிக்கிறனான்? 'பின்னேரம் இன்னொராள் வாறார்' எண்டு ஒவ்வொரு சோபாவுக்கும் சொல்லுவியள்."

றெமிஜியஸ் குசினிக்குள் போனார். தண்ணியாவது குடிப்போமென்று ஃபிரிட்ஜைத் திறந்தார். கூட்டிலிருந்து இரண்டு விசில், ஒன்றாக, வீடே அதிர.

கதவை மூடாமலே போய்ச் சவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் கிளடிஸ். "வரேக்க கொத்தமல்லி ரெண்டு கட்டு வேண்டிக்கொண்டு வாங்கோ. விலை பேசாதேங்கோ. பேசினா இன்னொரு சவளையும் சேத்துத் தலையில கட்டிவிடுவாங்கள்."