கண்காட்சி முட்டை

நர்சிங் மாணவிகள் தங்கள் உடல்நலத்தைப் பேண வேண்டும் என்று 2004-ல் மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. ஊரார் உடம்பைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா? இந்த உன்னத நோக்கம் நிறைவேறும் பொருட்டு, பெரம்பலூர் நர்சிங் பள்ளி ஒன்றில் உடல்நலக் கண்காட்சி ஏற்பாடாயிற்று. இணை இயக்குநர் அதைப் பார்வையிட வரும் நாளன்று மாணவிகள் விடியுமுன்பே எழுப்பப்பட்டு, தரை கழுவவும் தோரணம் கட்டவும் விரட்டப்பட்டார்கள். சமையற்காரம்மா வீரம்மாள் விருந்தினருக்கு வடை சுட்டுக்கொண்டிருந்ததால், விடுதியில் காலைச் சாப்பாடு கிடையாது.

வேப்பந்தட்டை மேகலாவுக்குச் சரிவிகித உணவு மேசை வாய்த்தது. பால், பழம், சுண்டல், நடுவே தோலுரித்த அவித்த முட்டை. காலை உணவைத் தவிர்ப்பதன் கேடுகளை அவள் விளக்க வேண்டும். பாவம், முட்டையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பாடமே மறந்து போயிற்று.

“மேடம், தலை சுத்துதுங்க. ஒரு வாய் சுண்டல் எடுத்துக்கவா?”

பள்ளி முதல்வர் பாக்யலட்சுமி பதறிப்போனார். “ஐயையோ, அது கண்காட்சிப் பொருள்டி! சார் பாத்துட்டுப் போகட்டும்.”

இணை இயக்குநர் அரங்கநாதன் வெயில் ஏறிய பிறகு வந்தார். மாலை, பொன்னாடை, வடை எல்லாம் முடித்துக்கொண்டு மேசைக்கு வந்து சேர்ந்தார்.

“காலையில சாப்பிடலன்னா என்னம்மா ஆகும்?”

“கண்ணு இருட்டும் சார். கை நடுங்கும் சார்.” இரண்டும் அவளுக்கு நடந்துகொண்டுதான் இருந்தன.

“அப்ப என்ன செய்யணும்?”

மேகலா முட்டையை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

முதல்வருக்கு உயிரே போய்விட்டது. அரங்கநாதனோ கைதட்டினார். “பிரமாதம்! எல்லாரும் பேசத்தான் செய்றாங்க, இந்தப் பொண்ணு செஞ்சே காட்டிருச்சு! அந்த நடுக்கம் எவ்வளவு தத்ரூபம்! எப்படிம்மா பழகுன?”

வாய் நிறைய முட்டை இருந்ததால் உண்மை வெளியே வரவில்லை.

“நாங்கதான் சார் டிரெயினிங் குடுத்தோம்,” என்றார் முதல்வர்.

அடுத்த வாரமே சுற்றறிக்கை பறந்தது. இனி எல்லா நர்சிங் பள்ளிகளிலும் இந்தச் செய்முறை விளக்கம் நடத்தப்பட வேண்டும். தத்ரூபம் கெடாதிருக்கும் பொருட்டு, பங்குபெறும் மாணவிகளுக்கு அன்றைய காலை உணவு அறவே நிறுத்தி வைக்கப்பட வேண்டும்.

பயிற்சி கொடுக்க மேகலாவை அரியலூர் நர்சிங் பள்ளிக்கு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பொங்கலும் வடையும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். அங்கே மேசைக்குப் பின்னால், முதலாண்டுப் பெண் சிவரஞ்சனி ஒளிந்துகொண்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“தலை சுத்துதுக்கா. ஒரே ஒரு வாய்.”

மேகலா பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் சுத்தட்டும்டி. சார் வர்ற நேரந்தான்.”