ஏற்புரைக்காக நிலாணி ஒலிவாங்கி கவர்ந்த படலம்

கடல்கடந்த தமிழர் வாழும் ரூஜ் நன்னகர் மண்டபத்து மேடையின் கடைக்கோடிக் கதிரையில் செம்பட்டுடுத்தி வீற்றிருந்தவள், பகலெல்லாம் பல்வைத்தியரின் வரவேற்பு மேசையைக் காத்து, மாலையெல்லாம் அகராதியோடு மல்லுக்கட்டி, மெக்சிக்க வேர்கொண்ட அமெரிக்கப் பெண்களாம் சிக்கானா எழுத்தாளரின் பகிடிக் கதைகளைத் தீந்தமிழில் ஆக்கித்தந்த வீறுடையாள், நிலாணியின் புகழைப் பாடப் புகுந்தோம். கலைமகளே, எம் நாவில் எழுந்தருள்க, சற்றுச் சுருக்கமாக எழுந்தருள்க, ஐந்து மணிக்கு மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள்.

அவள் வேண்டியது நாடன்று, நகரன்று. ஏற்புரையிலே ஒரேயொரு கதையை வாசித்துச் சபையைச் சிரிக்கவைக்கச் சிறுபொழுது. குறுக்கே ஒலிவாங்கியை வாளென ஏந்தி நின்றார் நூல் வெளியீட்டு விழாத்தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை, பொன்னாடை பல சுமந்த தோளினர், எடுத்த உரையை இடையில் விடா விரதத்தினர், அவள் நூலை இன்னும் திறந்து பாராதவர். தலைமையுரை முழங்கிற்று, வாழ்த்துரை வளர்ந்தது, நயவுரை நால்வகைச் சேனையாய்த் திரண்டு வந்தது. பெண்களுக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் குறைவு என்று பேச வந்தவரெல்லாம் சிரிக்காமல் சொல்லிப்போயினர். குத்துவிளக்கேற்றிய பெண்கள் அந்த வேலை முடிந்ததும் பின்வரிசைக்குப் போய்ச் சிற்றுண்டித் தட்டில் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நிலாணிக்கு அழுகைதான் வந்தது.

மணி ஐந்தை நெருங்க, தொண்டை வறண்ட தலைவர் தண்ணீர் பருகுவான் வேண்டி ஒலிவாங்கியை மேசைமேல் வைத்தார். வைத்ததுதான் தாமதம், சேலைக்கொய்யகத்தை ஒரு கையால் அள்ளிப் பாய்ந்தாள், பற்றினாள், "இப்ப நான் வாசிக்கப்போறன்" எனத் திசையெட்டும் அதிரப் பிரகடனஞ் செய்தாள்.

கதையிலே, இறந்துபோன ஒரு தாயின் சவப்பெட்டியைச் சூழ்ந்து நின்று ஆண்கள் அவள் பெருமையைப் பேசுகிறார்கள், மேலும் பேசுகிறார்கள். பொறுக்கமாட்டாத பிணம் எழுந்துவந்து, அத்தனை பேருக்கும் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கொள்கிறது. பின்வரிசையில் ரோல்ஸ் அடுக்கிநின்ற இராஜேஸ்வரி அன்ரியிடம் வெடித்த சிரிப்பு ரோல்ஸ் தட்டை அதிர்வித்து, கதிரை வரிசைகளைக் கடந்து, மேடையேறி, உரைவீரர் ஒருவரையும் விடாமல் சாய்த்தது. எல்லாரிலும் பலமாகச் சிரித்தவர் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணைதான். நிலாணியின் மனம் குளிர்ந்தது.

கண்களைத் துடைத்து, ஒலிவாங்கியை மீட்டு, அவர் திருவாய் மலர்ந்தார்:

"நல்ல பகிடி, பிள்ளை. சனம் களைச்சுப்போச்சுது. அப்பிடியே போய் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடும்."

நிலாணி போய்த் தேத்தண்ணி ஊற்றினாள், சீனி போடவில்லை.