ஆறில் ஒரு பங்கு சுற்று

"சோபா ஒண்ணா, ரெண்டா?" என்று முதலாளி போனில் கேட்டபோது மணி நாலரை.

"ஒண்ணுதான் சார்," என்றார் சேல்ஸ்மேன்.

"அப்புறம் எப்படிய்யா முன்பக்கம் ரெண்டு, முதுகு ரெண்டு வந்திருக்கு? ஆறு கோணத்துல ஆறு படம் கேட்டேன். பின்னால எது தெரிஞ்சாலும் கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கலாம்னேன். இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

அறுபது, நூற்றிருபது, நூற்றெண்பது, இருநூற்று நாற்பது, முந்நூறு டிகிரி. முதல் படம் நேராக; மற்ற ஐந்துக்கும் முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் சேல்ஸ்மேனும் சுமை தூக்குபவரும் சோபாவைத் திருப்பியிருந்தார்கள்.

ஆறு மணிக்குள் சேல்ஸ்மேன் குழந்தைகள் காப்பகத்திலிருந்து தன் மகளை அழைத்துவர வேண்டும். இந்த வாரம் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். இன்னொரு நாள் தாமதித்தால் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று காப்பகத்து அம்மா கையெழுத்தே வாங்கியிருந்தார்.

சேல்ஸ்மேன் சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டார். முழுச் சுற்று முந்நூற்று அறுபது. அறுபது அதில் ஆறில் ஒரு பங்கு. நூற்றிருபது மூன்றில் ஒரு பங்கு. நூற்றெண்பது பாதி.

"எல்லாமே முதல்ல நின்ன நிலையிலேர்ந்து கணக்கு. நாம அப்பப்ப நின்ன இடத்துலேர்ந்து திருப்பியிருக்கோம். ஆறுல ஒண்ணும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா பாதிச் சுற்று. அதுக்கு மேல இன்னொரு பாதி திருப்பினா..."

"திரும்பவும் முன்பக்கம்," என்றார் பயில்வான். கடையில் சுமை தூக்குபவர். ஒல்லி என்பதால் அந்தப் பெயர். "அப்ப ஒவ்வொரு தடவையும் ஆறுல ஒண்ணு திருப்பினா போதுமா?"

"போதும்."

"இதை இடுப்பு போனப்புறம் சொல்றீங்களே சார்."

தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு ஆறு கோடு கிழித்தார்கள். தூக்கத் தெம்பில்லாமல், ஓரத்துக் காலை ஊன்றவிட்டு மறுமுனையை இழுத்தார்கள். சோபா வட்டத்தை அழித்துக்கொண்டே நகர்ந்தது. பாதிச் சுற்று முடிந்தபோது அது கடைவாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே வர நினைத்த ஒரு தம்பதி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

முதலாளி அழைத்தார். "கடைக் கேமராவுல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சோபா எங்கய்யா கிளம்புது?"

திரும்ப நடுவுக்கு இழுத்தார்கள்.

"இப்ப எடுக்கப்போறது நாலாவதா, அஞ்சாவதா?"

"நீங்கதானே சார் எண்ணினீங்க."

குழப்பம் வேண்டாமென்று பழைய படங்களை போனிலிருந்து அழித்தார் சேல்ஸ்மேன். அந்த வேகத்தில் புதியவையும் போயின.

மணி ஐந்து நாற்பது. காப்பகம் பத்து நிமிட நடை. இருவரும் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"சார், இன்னும் ஒரு முழுச் சுற்றா?"

"ஆமா."

"என்னால ஆறுல ஒண்ணுகூட முடியாது."

சேல்ஸ்மேன் மணியைப் பார்த்தார். காப்பக வாசலில் பையை மாட்டிக்கொண்டு நிற்கும் மகளை நினைத்துக்கொண்டார்.

தரை துடைக்கும் அக்கா அரை மணி நேரமாக வாளியோடு காத்திருந்தார். இவர்கள் எழுவதாகத் தெரியவில்லை. சோபாவைச் சுற்றித் துடைத்துக்கொண்டே போய், தொடங்கிய இடத்துக்கே வந்து நிமிர்ந்தார்.

"ஏன் தம்பி, சோபா அது பாட்டுக்கு நிக்கட்டும். போனை எடுத்துக்கிட்டு நீங்க அதைச் சுத்தி வந்தா படம் விழாதா?"