வெளுக்காத கத்தரிப்பூ

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவேன், வீட்டில் சொல்ல மட்டும் மறந்துவிடுவேன். பேரன் எடுத்த பிறகும் குணமாகவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், அருப்புக்கோட்டையில், அது என்னைச் சாக்கடைத் தண்ணீரில் முகம் கழுவ வைத்தது.

அப்போது நகராட்சியில் நான் தற்காலிக ஓவர்சியர். எங்கள் நெசவாளர் தெருவின் சாக்கடையைச் சுத்தம் செய்து தீவனப் புல்லுக்குப் பாய்ச்ச, ஊர்க்கோடியில் சோதனையாக ஒரு நிலையம் கட்டியிருந்தார்கள். கசடு தங்க ஒரு தொட்டி, ஜல்லியும் மணலும் பரப்பிய படுகை, பிளீச்சிங் பவுடர், கடைசியில் ஒரு குழாய். (அன்றைக்கு அதுதான் அதிநவீனம். சிரிக்காதீர்கள்.) மதுரையிலிருந்து இன்ஜினியர் வந்து, தண்ணீர் தெளிவு என்று எழுதினால் என் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் மறுபடி தறிக்குழி. இனிமேல் தறியில் உட்காரமாட்டேன் என்று தெரு முழுக்கப் பீற்றியிருந்ததால், எனக்குத் தூக்கமே இல்லை.

ஒரே பயம் சாயத் தண்ணீர்தான். சாயத்தொட்டியை யாராவது கவிழ்த்தால் அரை மணியில் குழாயில் நிறம் வந்துவிடும். அதனால் சாயம் முக்கும் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, இன்ஜினியர் போகும்வரை தொட்டியைத் தொடாதீர்கள் என்று கெஞ்சினேன். எனக்காக எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் முத்தையா கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். இன்ஜினியர் அதைச் செய்தித்தாளின் முன் பிடித்து, தண்ணீர் வழியாகவே தலைப்பைப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"மொகமே கழுவலாம் சார்" என்று சொல்லிவிட்டுக் குழாயடியில் குனிந்தேன். முதல் கை தண்ணீர் பளிங்கு. நிமிர்ந்து சிரித்தேன். இரண்டாவது கையை முகத்தில் அடித்தபோது முத்தையாவின் கண் அகல விரிந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளங்கையில் கத்தரிப்பூ நிறம். வெள்ளைச் சட்டையிலும் சொட்டுச் சொட்டாக அதே நிறம்.

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம். நிறத்தைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடலாம். இது நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற நிறம்.

"பிளீச்சிங் பவுடர் போட்டீங்களா?" என்றார் இன்ஜினியர்.

"போட்டோம் சார்."

"அப்ப ஏன் கலர் போகல?"

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து முத்தையா முன்னால் வந்தார்.

"அது எங்கய்யா போகும்? இது நம்ம ஓவர்சியரய்யா வீட்டுச் சாயம்ல. எம்பொண்டாட்டி அவுக வீட்டுச் சேலதான் மூணு வருசமாக் கட்டுறா, இன்னும் வெளுக்கல."

இன்ஜினியர் என் முகத்தையும் குழாயையும் மாறிமாறிப் பார்த்தார். பேனாவை மூடினார். ஜீப் போய்விட்டது.

வீட்டுக்கு ஓடினேன். வாசலில் அம்மா காலித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன், அழுதேன், என் பிழைப்பே போயிற்று என்றேன். அம்மா சீயக்காய் எடுத்துவந்து என் கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்ததாக இன்றும் சந்தேகப்படுகிறேன். பிறகு எங்கள் வீட்டுத் தெலுங்கில் நிதானமாகக் கேட்டார்: "ஊருக்கெல்லாம் சொன்னியே, எங்கிட்டச் சொன்னியா?"

ஆறு நாள் கத்தரிப்பூ முகத்தோடு, பீற்றிய அதே தெரு பார்க்க, தறியில் உட்கார்ந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, சாயத்துக்குத் தனிக் குழி வெட்டி, இன்ஜினியர் மறுபடி வந்து தண்ணீர் தெளிவு என்று எழுதிய பிறகு, நிரந்தர உத்தரவு வந்தது. காகிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தெருக்கோடியிலிருந்து வீடு வீடாகச் சொல்லி, மிட்டாய் கொடுத்து, கடைசியாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். தெருவே அதற்குள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது. அம்மா தொட்டியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொன்னியா?" என்றார்.

அம்மா போய்ப் பல வருடமாகிறது. இப்போது அந்தக் கேள்வியை என் பேரன் கேட்கிறான்.