எழுபது ரூபாய்க்கு விற்றவர்

ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். உலகத்துக்கு எத்தனை வருடம் வந்து போனாலும் அவர்களுக்கு ஒரேயொரு வருடந்தான் நடந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள். இவர்களோ அடுப்பு ஆறி, சாம்பல் அள்ளி, வீட்டையே இடித்துக் கட்டிய பிறகும் குசினிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்.

மல்லாவித் தங்கராசாவை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுப்பாட்டு வருடத்தில் காலபோகத்தில் விளைந்த நெல்லை வெட்டிய கையோடு கிலோ எழுபதுக்குக் கொடுத்தார். சில மாதத்தில் அது நூற்றிருபதுக்கு ஏறிவிட்டது. வாங்கிய வியாபாரி புது மோட்டார் சைக்கிளில் வாசலால் போனதையும், ஹோன் அடித்ததையும், போதாக்குறைக்குக் கை காட்டியதையும் அவர் இன்றுவரை மறக்கவில்லை. பிறகு வந்த இரண்டு வருடமும் பொறுத்துப் பொறுத்து, விலை இறங்கி, அந்துப்பூச்சி பிடித்து, கடைசியில் கோழித்தீனுக்குக் கொடுத்தாரே, அது? அது மறந்துவிட்டது.

இந்த வருடமும் நெல் மூட்டைகள் விறாந்தையை நிரப்பி, ஹோலுக்குள் நுழைந்து, சாமிப் படத்தை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. கிழமைக்கு ஒருமுறை வியாபாரி தொலைபேசி எடுப்பார்.

"அண்ணை, நூற்றிப்பத்துக்கு எடுக்கிறன்."

"கொஞ்சம் பொறும் தம்பி."

அடுத்த கிழமை நூறு. அதற்கும் பொறும்.

மகள் தர்மிளாவைப் பார்க்கப் பூவரசங்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் மனைவி கமலாசனிக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சாருங்கோ, வாற சனம் எங்கை இருக்கிறது? உந்த நெல்லைக் குடுத்துத் துலையுங்கோ. போன வருசம் அந்து பிடிச்சது மறந்துபோச்சே?"

"அது வேறை. எழுபதுக்கு வித்தனான், தெரியுமே உமக்கு?"

தெரியும். ஊருக்கே தெரியும். தர்மிளாவுக்கோ மாப்பிள்ளை பிரதீபனை ஆறு மாதமாகத் தெரியும்; இந்தச் சம்பந்தம் தவறக்கூடாது என்பதுதான் அவளுடைய கவலை. மூட்டைகளுக்கு மேல் பூப்போட்ட பெட்சீற் விரித்தாள்.

வந்தவர்கள் மூட்டைமேல் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் ராஜரத்தினத்தின் தேத்தண்ணியில் அந்துப்பூச்சி ஒன்று விழுந்தது. அவர் அதைச் சுண்டுவிரலால் எடுத்துவிட்டுக் குடித்தார். நல்ல மனுசன் என்று தங்கராசா மனம் குளிர்ந்தார்.

"பிள்ளையைப் பிடிச்சிருக்கு" என்றார் ராஜரத்தினம். "ஆனால் மூத்தவனுக்கு நான் அவசரப்பட்டுப்போனன். முதல் வந்த இடத்துக்கே ஓமெண்டிட்டன். அடுத்த மாசம் கனடாவிலயிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அதாலை இந்தமுறை கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

தங்கராசாவின் முகம் கறுத்தது. "இதென்ன கதை? எப்பவோ நடந்ததை நினைச்சுக்கொண்டு, இண்டைக்குக் கைக்கு வந்ததைத் தள்ளுறதே?"

கமலாசனி மூட்டைகளைப் பார்த்தார். தர்மிளா தகப்பனைப் பார்த்தாள். ராஜரத்தினம் தான் இருந்த மூட்டையை மெல்லத் தட்டினார்.

"அப்ப இதை ஏன் அண்ணை இன்னும் விக்கேல்லை? நீங்கள் இதைக் குடுங்கோ, நானும் ஓமெண்டுறன்."

தங்கராசா தொலைபேசியை எடுத்தார். வியாபாரி தொண்ணூறு என்றார். 'பொறும்' என்ற சொல் தொண்டைவரை வந்தது. மகளின் கண்ணைப் பார்த்ததும் விழுங்கிவிட்டார்.

மறுநாள் லொறி வந்தது. கலியாணமும் நிச்சயமானது. அடுத்த மாதம் நெல் நூற்றிப்பதினைந்து. இப்போதெல்லாம் மருமகன் படலையைத் திறக்கும்போது தங்கராசாவுக்கு முதலில் அந்த இருபத்தைந்து ரூபாய்தான் நினைவுக்கு வருகிறது. வருகிற போகத்துக்கு, எந்தச் சம்பந்தி வந்தாலும் விற்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். பரந்தன் சந்திக் காணியையோ இரண்டு பவுனையோ நினைத்து, "அப்பவே வாங்கியிருக்கலாம்" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? இன்று காலையா? அப்படியானால் அடுத்த போகத்துக்கு வாருங்கள், மூட்டைமேல் பெட்சீற் விரித்துத்தான் கிடக்கும். தங்கராசா கொஞ்சம் தள்ளியிருந்து இடம் தருவார்.