நெற்றி காலியாக இருந்த போன்

காலை பதினொன்று பத்துக்கு என் புதுப் போன் முதன்முறையாக வீட்டு மெட்டில் அடித்தது. அடுத்த நிமிடம் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில், செருப்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக, "எம் பிள்ள வாயப் பொத்திட்டானுவ!" என்று கூவிக்கொண்டிருந்தேன். தேரைச் சுற்றியிருந்த புறாக்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் எழும்பின. இப்போதும் அந்த வழியாகப் பேருந்தில் போனால் ஜன்னல் பக்கம் திரும்பமாட்டேன். (புறாக்களுக்கு நினைவு இருக்குமோ என்று ஒரு சந்தேகம்.)

நான் பயந்த சுபாவம். இதைச் சொல்ல வெட்கப்படும் வயதைத் தாண்டிவிட்டேன். மகள் தும்மினால் எனக்குக் காய்ச்சல் வரும். அப்படிப்பட்ட எனக்கு ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் டெஸ்பாட்ச் வேலை. எந்த லாரியில் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு பேண்டேஜ் போகிறது, வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்கக் கவலைப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். பிறவியிலேயே இருந்த குணம் பிழைப்பாகவும் அமைந்த பாக்கியசாலி நான்.

வம்பு பழைய போனில் தொடங்கியது. அதில் ஆபீசும் வீடும் ஒன்றாகக் கிடந்தன. ஒருநாள் கல்லூரி விடுதியில் இருந்த மகள் காவ்யாவுக்கு, "சாப்பிட்டியா தங்கம்? தலைக்குக் குளிச்சியா? ஈரத் தலையோட ஃபேன் கீழ படுக்காத" என்று அனுப்பினேன். அது கேரளத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் கொள்முதல் அதிகாரிக்குப் போய்விட்டது. அவர் ஐம்பது வயது தாண்டிய, வழுக்கைத் தலையர். பண்பான மனிதர். "சாப்பிட்டேன் மேடம். தலைக்குக் குளிப்பதில் இப்போது அதிக வேலை இல்லை" என்று பதில் போட்டார். அவருக்குப் போகவேண்டிய "பத்து சென்டிமீட்டர் பேண்டேஜ் ரோல் இருப்பு இல்லை, பதினைந்து அனுப்பட்டுமா?" மகளுக்குப் போயிருந்தது. அவள் பதறிப்போய் அழைத்தாள்.

"அம்மா, எனக்கு அடியே படலையே! யாரு ஒங்கிட்ட என்ன சொன்னா?"

முதலாளி கூப்பிட்டு, "ஆபீசுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு வச்சிக்கோங்கம்மா" என்றார். வீட்டுக்காரரின் பழைய போனை வாங்கி அப்படியும் ஒரு வாரம் பார்த்தேன். குடோனில் இருக்கும்போது ஆபீஸ் போன் வீட்டு அடுப்படியில் அடித்தது. வீட்டில் இருக்கும்போது வீட்டுப் போன் குடோனில் பேண்டேஜ் கட்டுகளுக்கு நடுவே அடித்தது. வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்து சோழபுரத்துப் பக்கம் தோட்டம் பார்க்கிறவர். "ஒரு வாக்கிடாக்கிய வச்சு ஒரு மலையவே காவல் காத்தோம். ஒனக்கு ரெண்டு போன் பத்தலயா?" என்றார்.

ஆக, ஒரே போன், இரண்டு சிம், உள்ளே இரண்டு குடித்தனம் என்று முடிவானது. எந்தப் போன் என்பதில்தான் தூக்கம் போனது. எங்கள் ஆபீசில் என்னோடு டெஸ்பாட்ச் பார்க்கும் மாரியப்பன் போன் விஷயத்தில் பெரிய ஆள். (அவனே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.) "அக்கா, மொதல்ல பேட்டரியப் பாருங்க" என்பான். மறுநாள் "பேட்டரி கெடக்கட்டும், பிராசசரப் பாருங்க" என்பான். கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் கேமராதான் முக்கியம் என்றார்கள். நான் எடுக்கும் படங்கள் எல்லாம் லாரி எண்பலகையும் கிழிந்த அட்டைப்பெட்டியும்தான். இருந்தாலும் கிழிசல் தெளிவாகத் தெரிவது நல்லதுதானே என்று அதையும் மனதில் போட்டுக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் நான் ஏறாத போன் கடை இல்லை. ஒரு கடையில் இருந்த பெண், "மேடம், முக்கியமா எதுக்கு யூஸ் பண்ணுவீங்க? கேம் ஆடவா, வீடியோ பாக்கவா?" என்று கேட்டாள். 'பயப்படுறதுக்கு' என்ற உண்மை தொண்டைவரை வந்தது. "ஆபீசும் வீடும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கக் கூடாதும்மா" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆபீஸ் செயலிகளைத் தனி அறையில் போட்டு, வீட்டுக்குத் தனி அறை கொடுத்து, ஆபீஸ் அழைப்புக்கு மணிச்சத்தமும் வீட்டு அழைப்புக்குப் புல்லாங்குழலும் வைத்துக் கொடுத்தாள். முகத்தைக் காட்டினால் போன் திறக்கும் என்றாள். காட்டினேன், திறந்தது. பெற்ற பிள்ளைகூட என்னைப் பார்த்து அப்படி மலர்ந்ததில்லை.

ஒரே ஒரு குறை. திரையின் உச்சியில், நட்டநடுவே, குட்டியாக ஒரு கறுப்பு வட்டம்.

"இது என்னம்மா?"

"முன்கேமரா மேடம். எல்லாப் போன்லயும் இப்படித்தான் வருது."

எனக்கென்னவோ அது பொட்டு வைப்பதற்காக விட்ட இடம் மாதிரித் தெரிந்தது. நெற்றியை இப்படியா காலியாக விடுவார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு நல்ல காரியங்கள் ஒன்றாக அமைந்தன. காவ்யாவுக்கு மதுரையில் ஒரு கம்பெனியில் முதல் இண்டர்வியூ. எனக்குப் போன் பூஜை.

நானும் கூட வருகிறேன் என்று ஒரு வாரமாகக் கெஞ்சியிருந்தேன். "நீ வந்தா அவங்க ஒன்னையத்தான் இண்டர்வியூ எடுப்பாங்க" என்று மறுத்துவிட்டாள். கடைசியில் ஓர் உடன்படிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நான் வரலாம். அங்கே மதுரைப் பேருந்தில் ஏற்றிவிடலாம். அதற்குப் பிறகு நான் அவளை அழைக்கக் கூடாது.

"வழியில கல்லுப்பட்டி தாண்டுனதும் நானே ஒரே ஒரு போன் போடுவேன். தாண்டிட்டேன்னு சொல்லுவேன். அம்புட்டுதான். பொறவு எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்துதான் பேச்சு. சரியா?"

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த ஒரு அழைப்புக்காகத்தான் நான் இத்தனை மாதம் போன் தேடியதே என்று அப்போது எனக்குத் தோன்றியது.

பேருந்து கிளம்பியது. பின்னால் கொஞ்ச தூரம் நடந்தேன். (ஓடினேன் என்று காவ்யா சொல்வாள்.) பிறகு கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் கிரைண்டரோ பைக்கோ தையல் மிஷினோ எதுவானாலும் பொட்டு வைக்காமல் வேலைக்கு இறக்குவதில்லை. புறப்படும்போதே வீட்டுக்காரர், "ஏட்டி, போனுக்கு எந்த டயரு? எலுமிச்சம்பழத்த எங்க வைக்கப் போற?" என்று கேட்டிருந்தார். அதனால் எலுமிச்சம்பழத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

போனைக் கோயிலுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. வாசலில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். புதுப் பிள்ளையை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டா ஆண்டாளைப் பார்ப்பது? தேரடியில் நின்று கோபுரத்துக்கு நேரே போனை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினேன். வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த சந்தனம், வழியில் ஒழுகிவிடக் கூடாதே என்று நல்ல கெட்டியாகக் குழைத்தது. அந்தக் கறுப்பு வட்டத்தின் மேல் தாராளமாக ஒரு பொட்டு. மேல்விளிம்பு வரை நிரவிவிட்டு, நடுவில் குங்குமம். போனுக்கு இப்போதுதான் களை வந்தது. காயட்டும் என்று வெயிலில் பிடித்தேன். புரட்டாசி வெயில் அந்த வேலையை நன்றாகவே செய்தது.

அப்போதுதான் புல்லாங்குழல் ஒலித்தது.

பச்சையை இழுத்துக் காதில் வைத்தேன். "தங்கம், தாண்டிட்டியா?"

"ம்ம்... ம்ம்ம்ம்."

"கேக்கல, சத்தமாச் சொல்லு!"

"ம்ம்ம்ம்! ம்ம்!"

காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திரை இருட்டு. எங்கே தட்டினாலும் இருட்டு. மறுபடி காதில் வைத்தேன். அதே முனகல், இப்போது இன்னும் பதற்றத்தோடு. ஒரு பெண்பிள்ளை ஏதோ சொல்ல முயல்கிறாள், வாய் திறக்க முடியவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? சாதாரணத் தாய்க்கு நூறு அர்த்தம் தோன்றியிருக்கும். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. கூவினேன். புறாக்கள் பறந்தன.

அழைப்பு அறுந்தது. திரை வெளிச்சம் வந்தது. திறக்க முகத்தைக் காட்டினால், முகம் தெரியவில்லை என்றது. அழுது அழுது முகமே மாறிவிட்டதாக்கும் என்று இன்னும் அழுதேன். ரகசிய எண்ணைப் போடப் போனால், 'திரையின் மேல்பகுதியை மறைக்காதீர்கள்' என்றது. முந்தானையை விலக்கினேன். குடையை மடக்கினேன். வெயிலை மறைத்த தேரை விட்டும் தள்ளி நின்று பார்த்தேன். அதற்குள் மறுபடி புல்லாங்குழல், மறுபடி முனகல், மறுபடி இருட்டு.

பக்கத்துப் பால்கோவாக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் தன் போனை நீட்டினார். "நம்பர் சொல்லுங்கக்கா."

மகளின் எண் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் எண்ணும் தெரியவில்லை. பெற்று வளர்த்த எல்லாமே அந்த இருட்டுக்குள் இருந்தன. தினமும் லாரிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மனப்பாடமான ஆபீஸ் எண் ஒன்றுதான் வாயில் வந்தது. மாரியப்பன் எடுத்தான்.

"மாரியப்பா! காவ்யாவ யாரோ வாயப் பொத்திட்டானுவ!"

"எந்த வண்டிக்கா?" (பழக்கம்.)

"மதுர பஸ்ஸு!"

"வண்டி நம்பரு?"

கடகடவென்று சொன்னேன். கண்ணில் பட்ட வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் விட்டதில்லை. முன்கண்ணாடியில் இடது பக்கம் கீறல், டிரைவருக்கு மீசை கிடையாது, பின் டயர் ஒன்று புதுசு என்பது வரை சொன்னேன்.

"எப்பக் கெளம்புச்சு?"

"பத்தேகாலு."

"அப்பத் திருமங்கலத்துக்கு வருது. முருகேசண்ணன் அங்கதான டூட்டி? மடக்கிரலாம். லோடு... பிள்ள பத்திரமா இருக்கும். நீங்க ஒக்காருங்கக்கா."

முருகேசன் என் சித்தப்பா மகன், போலீஸ்காரன். எங்கள் லாரிகள் வழியில் சிக்கிக்கொண்டால் மாரியப்பன் அவனைத்தான் அழைப்பான். நான் பால்கோவாக் கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன். கடைக்காரர் இலையில் கொஞ்சம் வைத்து, "வாயில போடுங்கக்கா, மயக்கம் வந்துரும்" என்றார். அழுதுகொண்டே பால்கோவா தின்றால் உப்புக் கரிக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பேருந்துக்குள் நடந்ததைப் பிறகு முருகேசன் சொல்லிக் கேட்டேன். நான் பேசியது காவ்யாவுக்குக் கணீரென்று கேட்டிருக்கிறது. முன் சீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கிறது. அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, இறங்கித் திரும்பிவிடலாம் என்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்த நேரத்தில் பேருந்து நின்றது. முருகேசன் தொப்பியோடு ஏறினான்.

"எங்கக்கா மக வாயப் பொத்துனது யாருலே?"

பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டாராம். அவர் வாயைத்தான் யாரோ பொத்தியது போல ஆகிவிட்டது.

"மாமா! என் வாய யாரால பொத்த முடியும்?" என்றாளாம் காவ்யா.

அவன் அதை உடனே ஒப்புக்கொண்டு மாரியப்பனுக்குத் தகவல் சொல்ல, மாரியப்பன் கடைக்காரரின் போனுக்குச் சொன்னான்.

"சரக்கு சேஃப்க்கா. டேமேஜ் இல்ல."

"எங்கிட்டப் பேசச் சொல்லு!"

"சொன்னேன்க்கா. கல்லுப்பட்டி தாண்டுனதும் ஒரு போன்னுதான பேச்சு, அதப் போட்டாச்சுன்னு சொல்லிருச்சுக்கா."

இறங்கும்போது கண்டக்டர், "அடுத்த தடவ பிள்ளைய லாரில ஏத்திவிடச் சொல்லுங்க சார்" என்றாராம். நேரமாகிவிட்டதால் முருகேசன் அவளைத் தன் பைக்கிலேயே மதுரைக்குக் கூட்டிப்போய், இண்டர்வியூ முடியும்வரை அந்தக் கம்பெனி வரவேற்பறையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தான். அன்று அங்கே வந்திருந்த மற்ற பிள்ளைகள் எல்லாரும் மிகவும் ஒழுக்கமாகப் பதில் சொன்னார்களாம்.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. "அது எனக்கு எக்செல் சரியா வராததால போச்சு, ஒன்னால இல்ல" என்பாள். பிறகு வேறு இடத்தில் கிடைத்து இப்போது மதுரையில்தான் இருக்கிறாள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் போன் சரியாகக் கேட்காவிட்டால் யாரும் "சிக்னல் இல்ல" என்பதில்லை. "சந்தனத்தத் தொடைங்க" என்கிறார்கள். கதை மாரியப்பன் வழியாகக் கேரளம் வரை போய்விட்டது. அந்தக் கொள்முதல் அதிகாரி, என் குரல் சரியாகக் கேட்காவிட்டால், "மேடம், பொட்டு எடுத்துட்டுச் சொல்லுங்க" என்கிறார்.

அன்றைக்கு மட்டும் யாருக்கும் காரணம் தெரியவில்லை. மாரியப்பன் தகவல் சொல்லி வீட்டுக்காரர் வந்து என்னை ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போனார். மாரியப்பன் ஆபீசில் இருந்தபடியே, "மதர்போர்டு போயிருக்கும்க்கா" என்று தீர்ப்பு சொல்லிவிட்டான். பூஜை செய்த போனாயிற்றே என்று நான் அதைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்தேன். பொட்டு கலையாமல்தான்.

பிள்ளை என்ன சொல்லுவாள், முதல் இண்டர்வியூவைக் கெடுத்துவிட்டேனா, இனிமேல் என்னை எதற்காவது அழைப்பாளா என்று சாயங்காலம் வரை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தாள். முகத்தில் மதுரைப் புழுதி. கையை மட்டும் நீட்டினாள். போனை எடுத்துக் கொடுத்தேன்.

சுற்றிய துணியைப் பிரித்தாள். பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"பொட்டு."

கட்டை விரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டினாள். சந்தனம் ஓடு மாதிரிப் பெயர்ந்து விழுந்தது. அது மறைத்ததால்தான் போன் எந்நேரமும் காதிலேயே இருப்பதாக நினைத்து இருண்டிருக்கிறது. மேல்விளிம்பில் குரல் வரும் கீற்றுக்குள் அடைந்திருந்ததை என் தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த சேஃப்டி பின்னை வாங்கி நோண்டி எடுத்தாள். போனை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கி எதிர்வீட்டு வேப்பமரம் வரை போனாள். போயே விட்டாளோ என்று நினைத்தேன்.

புல்லாங்குழல் ஒலித்தது. மரத்தடியில் காதில் போனோடு நின்றுகொண்டு, எடு என்று கையைக் காட்டினாள். எடுத்தேன்.

"அம்மா, கல்லுப்பட்டி தாண்டிட்டேன். ஜன்னலோர சீட்டு கெடச்சிருக்கு. நீ பயப்படாமப் போயி சாப்புடு."