ஐயம்பெருமாள் கையில் வந்த தடிப்பு

ஊசி போட்ட மூன்றாம் நாள், கணக்கு வாத்தியார் ஐயம்பெருமாளின் இடது கையில் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தடித்துவிட்டது. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்கு வருஷம் ஒருமுறை நடக்கும் க்ஷயரோகச் சோதனை அது.

டாக்டர் தானியேல் பழைய பதிவேட்டைப் புரட்டினார்.

"போன வருஷம் கையைக் கீறி மருந்து தடவினோம். உமக்கு ஒண்ணுமே தடிக்கலை. இப்ப தடிச்சிருக்கு. பயப்படாதேயும், இது சீக்கு இல்ல. கிருமி உள்ள போயிருக்கு, அவ்வளவுதான்."

வாத்தியார் காதில் 'உள்ள போயிருக்கு' மட்டும் விழுந்தது. அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது அப்பா இதே சீக்கில் ரத்தம் கக்கித்தான் செத்தார்.

"எனக்கு யாரு கொடுத்தது டாக்டர்?"

"இந்த ஒரு வருஷத்துல உம்ம பக்கத்துல யாரும் இருமினாவளா?"

இருமினார். பக்கத்து நாற்காலி இஸ்ரவேல் வாத்தியார். சோதனையன்று லீவு வேறு! ஐயம்பெருமாள் தலைமையாசிரியரிடம் ஓடினார். அன்று மத்தியானமே இஸ்ரவேலைப் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"வே, நான் சுருட்டுக் குடிக்கவன். இருமாம என்ன செய்வேன்?" என்று கத்தினார் இஸ்ரவேல். அவருக்கும் ஊசி போட்டு மூன்றாம் நாள் பார்த்ததில் கை வழவழவென்று இருந்தது. மறுநாளே திரும்பி வந்து நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். பேச்சு நின்றுபோனது.

அவர் இல்லையென்றால் வேறு யார்? ஐயம்பெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. தீபாவளிக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்து நாலு நாள் தொண்டையைச் செருமிய மைத்துனன் சிவசைலம் ஞாபகத்துக்கு வந்தான். உடனே கடிதாசி போட்டார்.

சிவசைலம் வந்தான். ஊசி போட்டுக்கொண்டான். மூன்றாம் நாள் கையை நீட்டினான். அங்கேயும் ஒன்றுமில்லை.

"நல்லாப் பாத்துக்கிடுங்க அத்தான். உங்க மக கோமுவுக்கு இனி வேற மாப்பிள்ளை பாருங்க. என் மகன் இல்ல."

ஒரு சிநேகிதமும் ஒரு கல்யாணமும் போயின. தடிப்பு மட்டும் போகவில்லை. வாத்தியார் அதை மணிக்கு ஒருதரம் தடவிப் பார்த்தார். தடவத் தடவ அது பெரிதாகிறாற்போல் இருந்தது. மிச்சம் இருந்தது பெண்டாட்டி பிரம்மநாயகி ஒருத்திதான். அவள் கையால் தண்ணீர்கூட வாங்காமல் இரண்டு நாள் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் நாள் அவளையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இவ கையையும் பாத்துருங்க டாக்டர். எனக்குத் தெரிஞ்சாகணும். நான் சாகுததுக்குள்ள தெரிஞ்சாகணும்."

டாக்டர் தலையைச் சொறிந்தார். "அதான் எனக்கும் விளங்கலை. போன வருஷம் சுத்தமா இருந்த கை, ஒரே வருஷத்துல எப்படி மாறுச்சு?"

பிரம்மநாயகி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பைய சொன்னாள்:

"போன வருஷம் எப்படி டாக்டர் தடிக்கும்? மாட்டுக்கறிச் சாறுல செஞ்ச மருந்துன்னு யாரோ சொன்னாவன்னு, இவிய ஆசுபத்திரியில இருந்து நேரா ஆத்துக்கு ஓடி, சாம்பலைப் போட்டுக் கையைத் தேச்சுத் தேச்சுக் கழுவிட்டுல்லா வீட்டுக்குள்ளயே வந்தாவ!"